ஆத்தா என்பது ப்ராப்பர் நவுனா?

பதினைந்து நாளைக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாசலில் மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். நேரத்தை டைரியில் குறித்திருக்கிறேன். அப்போது நான் உங்களில் ஒருவருக்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என் இன்ஸ்டிட்யூட் அனுபவங்களை எழுத ஆரம்பித்ததிலிருந்து, வாரத்துக்கு ஏழெட்டுக் கார்டாவது வருகிறது. பாதிக்கு மேல் இங்கிலீஷ் சந்தேகங்கள். அறந்தாங்கி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார் — மனுவில் 'ப்ளீஸ்' போடுவது மரியாதையா, 'கைண்ட்லி' போடுவது மரியாதையா? அவர் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் போட்டுவிடுகிறாராம்.

ஒன்று போதும் ஐயா. ஒரே பாயசத்தில் சர்க்கரையும் வெல்லமும் எதற்கு?

குடுமியான்மலையிலிருந்து இன்னொருவர். "குடுமியான்மலை என்று எழுதும்போது முதல் எழுத்தைக் கேபிட்டலில் போடுகிறோம், வெறும் மலை என்று எழுதும்போது ஏன் போடுவதில்லை? மலை அதே மலைதானே?" நியாயமான கேள்வி. ப்ராப்பர் நவுன் என்பது ஒன்றுக்கே உரிய பெயர், காமன் நவுன் என்பது அந்த இனம் முழுவதற்கும் பொது என்று அவருக்குப் பதில் எழுதி, மை உலர்த்தும் தாளை அழுத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் ஆத்தா.

ஆத்தா யார் என்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் இரண்டு வருஷம் டைப்பிங் படித்த பெண். ஊர் மீமிசல். இங்கே ஒரு சித்தப்பா வீட்டில் தங்கி ஹைஸ்கூல் முடித்தாள். முதல் நாள் சேர வந்தபோது பெயர் கேட்டேன்.

"கே. ஆத்தா, சார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கேட்டேன். அதேதான். ஸ்கூல் ரிஜிஸ்டரிலும் அதேதான். ரிஜிஸ்டரில் உள்ளபடி எழுதுவது என் வழக்கம் — எழுதினேன். ஆனால் எழுதுவது வேறு, கூப்பிடுவது வேறு. நம் பக்கத்தில் பிரியமாகப் பேசினால் எந்தப் பெண்ணும் ஆத்தாதானே? "ஆத்தா, பேப்பரை மாத்தும்மா" என்று நான் சொன்னால் பெண்கள் பேட்சில் இருந்த ஆறு பேரும் பேப்பரை மாற்றினார்கள்.

ஒருநாள் வகுப்பில் இந்த நவுன் பாடத்தை நடத்தி முடித்ததும் அவளே எழுந்தாள்.

"சார், ஆத்தா ப்ராப்பர் நவுனா, காமன் நவுனா?"

மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். நானும்தான். "கேபிட்டல் எழுத்துப் போட்டால் ப்ராப்பர்" என்று சொல்லி உட்கார வைத்தேன். அவள் உட்கார்ந்தாள். திருப்தி ஆனாளா என்று நான் பார்க்கவில்லை.

வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

ஆத்தாவோடு வந்தவர்களில் ஒருவர் நாற்பது வயதுக்காரர் — அவளுடைய தாயார் காளியம்மாள். இன்னொருவர் அறுபதைத் தாண்டியவர், கெட்டியான உடம்பு, நேரான பார்வை — காளியம்மாளின் மாமியார். மீமிசலில் விடியற்காலை பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள்.

நாற்காலி ஒன்றுதான் காலியாக இருந்தது. காளியம்மாள் சொன்னார், "நீங்க ஒக்காருங்க."

மாமியாரைச் சொல்கிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்தது ஆத்தா. மாமியார் சுவர் ஓரத்துப் பெஞ்சில் போய் இருந்துகொண்டார்.

பெற்ற மகளுக்கு இத்தனை மரியாதையா? எனக்குக் கொஞ்சம் குழப்பம். ஆத்தா ஒரு கவரை நீட்டினாள்.

உள்ளே ஒரு நல்ல செய்தி. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டிரெயினிங்குக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஹாஸ்டல் உண்டு. திங்கட்கிழமை காலை போய்ச் சேர வேண்டும். ஆனால் கடிதம் 'கே. மீனாள்' என்ற பெயருக்கு வந்திருக்கிறது. கீழே ஒரு குறிப்பு — பிறப்புப் பதிவு நகலில் மீனாள் என்றும், பள்ளி இறுதிப் படிப்பு ஸர்ட்டிபிகேட்டில் ஆத்தா என்றும் இருப்பதால், இருவரும் ஒருவரே என்று தாய் அல்லது தகப்பன் மாஜிஸ்திரேட் முன்னிலையில் அபிடவிட் செய்து, அதைச் சேரும் நாளன்று கொண்டுவர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.

"மீனாள் யாரும்மா?" என்றேன்.

"நாந்தான் சார்."

"பின்னே ஆத்தா?"

"அதுவும் நாந்தான்."

பெஞ்சிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "மீனாள் நானுங்க. எம் பேரைத்தான் அவளுக்கு வச்சது. அவ எம் பேருகாரி."

அப்போதுதான் விளங்கியது. மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர் வைப்பது நம் பக்கத்து வழக்கம். பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரிலிருந்து வந்தவை என்பார்கள். பெயர் வைத்தாயிற்று. ஆனால் மருமகள் அதை வாயால் சொல்லலாமா? மாமியார் பெயர் ஆயிற்றே. தொட்டிலில் கிடந்த குழந்தையைக் காளியம்மாள் 'ஆத்தா' என்றார். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப் போனவரும் அவர்தான். வாத்தியார் பெயர் கேட்டார். "ஆத்தாங்க" என்றார். வாத்தியார் எழுதிக்கொண்டார். அந்த எழுத்து அங்கிருந்து ஹைஸ்கூல் வந்து, என் ரிஜிஸ்டருக்கும் வந்து, பரீட்சை ஸர்ட்டிபிகேட்டிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"மரியாதை வேறயா?" என்று ஆத்தாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அப்பத்தா பேருங்கிறதால அம்மா என்னை நீன்னு சொல்ல மாட்டாங்க சார்."

"திட்டும்போது?"

"திட்டும்போதும்தான். 'நீங்கள்லாம் எங்கங்க உருப்படப் போறீங்க'ம்பாங்க."

"சும்மா இருங்க" என்றார் காளியம்மாள். மகளைத்தான்.

"அது மட்டுமில்ல சார். எங்க ஊர்ல கடலுக்குப் போயி வர்ற வள்ளமெல்லாம் கரைக்கு வந்து நிக்கும். ஊரே மீனு மீனுன்னு கத்தும். எங்கம்மா மட்டும் அந்த வார்த்தையைச் சொன்னதே கெடையாது. அது அப்பத்தா பேர்ல இருக்குல்ல? சாளை, நெத்திலி, கொடுவான்னு தனித்தனியாக் கேட்டு வாங்குவாங்க. மொத்தமாச் சொல்லணும்னா கவுச்சிம்பாங்க."

கடற்கரை ஊரில் இருபத்தொரு வருஷம் குடித்தனம் செய்து, மீன் என்று ஒருமுறைகூடச் சொல்லாமல் இருப்பது... யோசித்துப் பாருங்கள். நாம் ஒருநாள் முயற்சி செய்தால் தெரியும்.

தகப்பனார் கருப்பையா பினாங்கில் ஒரு கடையில் இருக்கிறார். அங்கே கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் அடுத்த மாதம் பிறந்துவிடும். ஆகவே தாயார்தான் அபிடவிட் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் இருக்கிறது. சனி, ஞாயிறு கோர்ட் லீவு.

"கெடைக்காமப் போனா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

மாமியார்தான் சொன்னார். "கெடைச்சாப் படிக்கட்டும். நான் குறுக்க நிக்கலை. கெடைக்கலைன்னா தையில கலியாணம். எம் மக வயித்துப் பேரன் காத்துக்கிட்டு இருக்கான். ரெண்டுல ஒண்ணு."

ஆத்தா டைப்ரைட்டரின் உறையைச் சரி செய்துகொண்டிருந்தாள். உறை ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

நான் பேப்பரை மாட்டினேன். இந்த வேலை எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. வாக்கியங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே இங்கிலீஷில் அடித்தேன். 'மேற்படி மீனாள் அலையஸ் ஆத்தா' என்று வந்ததும் காளியம்மாள் கையைத் தூக்கினார்.

"அது என்னங்க அலையசு?"

"ஒருத்தருக்கு இரண்டு பெயர் இருந்தால் நடுவில் போடுவது."

"அப்படின்னா எங்க ஊரு டேசன்ல போடுவாங்களே, கோழி திருடுற பயலுக்கு... அவன் பேரு பாதி, பட்டப்பேரு பாதி, நடுவுல இதைத்தான் வாசிப்பாங்க."

"அதேதான். ஆனால் சட்டத்தில் எல்லோருக்கும்—"

"களவாணிப் பயலுக்குப் போடுறதை இவங்களுக்குப் போடாதீங்கய்யா. வேற நல்ல வார்த்தை இல்லியா இங்கிலீசுல?"

இருக்கிறது. 'ஆல்ஸோ நோன் ஆஸ்' — இப்படியும் அழைக்கப்படுகிற. இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். இருபது வருஷமாக நான் எத்தனையோ அலையஸ் அடித்திருக்கிறேன். யாரும் இப்படிக் கேட்டதில்லை. பேப்பரை உருவிவிட்டுப் புதிதாக மாட்டினேன்.

முடித்துப் படித்துக் காட்டியதும் அவருக்கு இன்னொரு குறை.

"கெஞ்சிக் கேக்குற மாதிரி ஒண்ணும் எழுதலையாங்க?"

"இது மனு இல்லை அம்மா, பிரமாண வாக்குமூலம். இதில் ஐ பெக், ஹம்பிள் எதுவும் வராது. உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்."

"கெஞ்சாமக் குடுப்பாங்களா?"

"கொடுப்பார்கள். நீங்கள் மாஜிஸ்திரேட் முன்னால் நின்று, உங்கள் மகள் பெயர் இன்னது என்று வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று நான் சொல்லிவிட்டேன். காளியம்மாள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், கெஞ்சுவது அவருக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று தெரிந்தது.

நான் மாமியார் பக்கம் திரும்பினேன். "நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன், சொல்லட்டும் என்று."

"நானா வேணாங்கிறேன்? சொல்லச் சொல்லுங்க. அவளுக்கு வாய் வராதுங்க."

"அயித்தை சொல்லிட்டாங்கதான்..." என்றார் காளியம்மாள். "நெனைச்சாலே நாக்கு உள்ளுக்குப் போயிருதுங்க."

ஆத்தா ஒத்திகை நடத்தினாள். மாமியாரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, தாயாரை என் மேஜைக்கு முன்னால் நிறுத்தினாள். நான் மாஜிஸ்திரேட்.

"எம்மா, மீமிசல் சொல்லுங்க."

"மீமிசல்."

"அதுல மொத எழுத்து மட்டும்."

காளியம்மாள் வாயைத் திறந்தார். மூடினார். "ஊருன்னா வருது. எழுத்துன்னா எதுக்குன்னு தெரிஞ்சுபோகுதே" என்றார்.

"கோர்ட்ல நாளைக்கு நெசமாவே கேப்பாங்கம்மா."

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நாளைக்குச் சொல்லிருவேன்."

பதினோரு தடவை முயன்றார். நான் எண்ணினேன். பன்னிரண்டாவது தடவைக்கு முன் பகல் பேட்ச் பையன்கள் வந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் என் வீட்டையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. எனக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தால், தபால்காரர் யாருக்கு என்று கேட்பார். என் மனைவி உள்ளே கை காட்டுவாள். பெயர் சொல்லும்மா என்றால் காலண்டரைக் காட்டுவாள். "மயில் மேல இருக்காரே, அவரு." இதைப் பதினெட்டு வருஷமாக நான் ரசித்துத்தான் வந்திருக்கிறேன். தபால்தானே? காத்திருக்கும். திங்கட்கிழமை காத்திருக்குமா?

வெள்ளிக்கிழமை பதினொன்று இருபது. சப் மாஜிஸ்திரேட் கோர்ட். அடையாளம் காட்ட, அவர்களைத் தெரிந்த மனிதர் ஒருவர் வேண்டும் என்பதால் நானும் போனேன். மாமியாரை உள்ளே அழைத்துப் போக வேண்டாம் என்று நான்தான் யோசனை சொன்னேன் — எதிரில் இல்லாவிட்டால் கொஞ்சம் வாய் வருமோ என்று. அவர் கதவை ஒட்டிய வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

மாஜிஸ்திரேட் கடலூர்ப் பக்கத்துக்காரர். இங்கே வந்து நான்கு மாதம்தான். குரலை உயர்த்தாத மனிதர்.

கிளார்க் முதலில் படித்தார். "காளியம்மாள், கருப்பையா மனைவி, மீமிசல்... சரிதானா?" காளியம்மாள் தலையாட்டினார். புருஷன் பெயரைப் பெண்கள் சொல்வதில்லை என்பது கோர்ட்டுக்குத் தெரியும். அதற்குத் தலையாட்டல் போதும் என்பது அங்கே பழக்கம். நான் கொஞ்சம் நம்பிக்கையோடு மூச்சு விட்டேன்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா அம்மா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"தெரியுங்க. எம் மகளுக்கு ரெண்டு பேரு. ரெண்டும் ஒரே ஆளுதான்னு எழுதியிருக்கு."

"என்ன ரெண்டு பேர்?"

"ஒண்ணு ஆத்தாங்க."

"இன்னொன்று?"

"அது பெறந்தப்ப வச்சதுங்க."

"அதைத்தான் கேட்கிறேன்."

"அந்தக் காயிதத்துலயே இருக்குங்களே."

"இருப்பது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரிய வேண்டும்."

கிளார்க் உள்ளூர்க்காரர், இரக்கம் உள்ளவர். "மதுரையில கோயில் கொண்டிருக்காளே, அந்த ஆத்தா பேருதானம்மா?" என்று எடுத்துக் கொடுத்தார். காளியம்மாள் அவசரமாகத் தலையாட்டினார்.

"நீங்கள் சொல்லிக் கொடுக்கக் கூடாது" என்றார் மாஜிஸ்திரேட்.

நான் எழுந்து விஷயத்தைச் சொன்னேன். மாமியார் பெயர், ஊர் வழக்கம், திங்கட்கிழமை. எல்லாவற்றையும் வரிசையாக. அவர் கடைசிவரை கேட்டார்.

"எங்கள் வீட்டிலும் உண்டு" என்றார். "புரியாமல் இல்லை. ஆனால் நாளைக்கு யாரோ ஒருவர், இந்த ஸர்ட்டிபிகேட் வேறு பெண்ணுடையது என்று மொட்டைக் கடிதம் எழுதினால்? தாயார் என் முன்னால் நின்று சொன்னார் என்று பதில் சொல்ல வேண்டியவன் நான். சொல்லாததைச் சொன்னதாக நான் எழுத முடியாது."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அது தெரிந்ததுதான் சங்கடம்.

பேப்பரை ஓரமாக வைத்தார். கிளார்க் அடுத்த காகிதக் கட்டை எடுத்தார்.

ஆத்தா தாயாரின் கையைத் தொட்டாள். "விடுங்கம்மா. அடுத்த வருசம் எழுதிப் போட்டுக்கிடலாம்."

அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. அது அவளுக்குத் தெரியும். தாயாருக்குத் தெரியும். வராந்தா பெஞ்சில் இருந்த மாமியாருக்கும் தெரியும். தெரியாதவர்கள் மாஜிஸ்திரேட்டும் கிளார்க்கும்தான்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் காளியம்மாள்.

இரண்டு கையாலும் முன்னால் இருந்த தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துப் பேசுகிறவரைப் போலக் குனிந்துகொண்டே சொன்னார்.

"மீனாள்ங்க."

கிளார்க்கின் காதில் சரியாக விழவில்லை. பேனா நின்றுகொண்டிருந்தது. காளியம்மாள் அதைப் பார்த்தார். நிமிர்ந்தார். இந்தத் தடவை 'ங்க' இல்லை.

"எம் மக பேரு மீனாள்."

கூப்பிடப்பட்டவள் அசையாமல் நின்றாள். பதினெட்டு வருஷத்தில் அந்தக் குரலில் அந்தப் பெயரை அவள் கேட்டதில்லை. தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை.

பதில் வராந்தாவிலிருந்து வந்தது.

"ஏன்... இங்கிட்டுத்தான இருக்கேன்."

மாஜிஸ்திரேட் தலையைத் தூக்கினார். "யார் அது?"

மாமியார் அதற்குள் கதவுக்குள் வந்துவிட்டார். "கூப்பிட்டது கேட்டுச்சுங்க."

"உங்கள் பெயர் என்ன அம்மா?"

"அதான் இப்ப அவ சொன்னாளே."

கிளார்க் லெட்ஜரால் முகத்தை மறைத்துக்கொண்டார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு ஓரமாக வைத்த பேப்பரைத் தன் பக்கம் இழுத்தார். பதினொன்று நாற்பத்தைந்துக்குக் கையெழுத்தும் கோர்ட் முத்திரையும் விழுந்தன. "நன்றாகப் படி அம்மா" என்றார் ஆத்தாவிடம். எந்தப் பெயரும் சொல்லவில்லை. எச்சரிக்கையான மனிதர்.

வராந்தாவில் காளியம்மாள் தூணில் சாய்ந்து நின்றார். மாமியார் எதிரில் வந்து நின்று ஏற இறங்கப் பார்த்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன், ஆனால் காது கேட்கிற தூரம்தான்.

"இருவத்தோரு வருசத்துல இன்னைக்குத்தான் என்னையக் கூப்பிட்டிருக்கே. அதுவும் கோர்ட்டுக்குள்ள நின்னுக்கிட்டு."

"ஒங்களை இல்லைங்க அயித்தை. இவங்களை."

"யாரையோ கூப்பிட்டே. வந்தது நாந்தானே?"

காளியம்மாள் அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. மாமியார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "சிரிப்பைப் பாரு" என்றார். அவருக்கும் உதடு நிற்கவில்லை.

"கோவமா அப்பத்தா?" என்றாள் ஆத்தா.

"எதுக்குக் கோவம்? எம் புருசன் செத்து ஒம்பது வருசமாச்சு. எங்க ஆத்தா, அப்பன் அதுக்கும் முன்னாடி. எம் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆளு பாக்கி இல்லை. ஓட்டு எழுத வர்றவன்தான் எப்பயாவது சொல்லுவான்." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "நல்லாத்தான் கூப்பிட்டா. பஸ்ஸுக்கு நேரமாச்சு, நடங்க."

மூன்று பேரும் நடந்தார்கள். அபிடவிட்டை யார் வைத்துக்கொள்வது என்று வழியில் ஒரு விவாதம் நடந்தது. மாமியார் இடுப்பில்தான் அது ஊருக்குப் போனது.

நான் இன்ஸ்டிட்யூட்டுக்குத் திரும்பி, ஆபீஸ் காப்பியை ஃபைலில் போட உட்கார்ந்தேன். நான் எதையும் பெயரின் முதல் எழுத்துப்படிதான் அடுக்குவேன். இதை எந்த எழுத்தில் போடுவது? ஐந்து நிமிஷம் ஆயிற்று. கடைசியில் காளியம்மாள் பெயரில் போட்டேன். பிரமாணம் செய்தவர் அவர். அன்று அந்த மூன்று பேரில் யாரும் சந்தேகம் கேட்காத பெயரும் அது ஒன்றுதான்.

உங்கள் கார்டுகளில் அடிக்கடி ஒரு கேள்வி வரும் — இங்கிலீஷில் சின்னவனுக்கும் பெரியவனுக்கும் ஒரே 'யூ' தானே, அது மரியாதைக் குறைவு இல்லையா? இதுவரை இல்லை என்று பதில் எழுதி வந்தேன். காரணங்களும் எழுதினேன். 'மே ஐ' இருக்கிறது, 'உட் யூ' இருக்கிறது, 'சர்' இருக்கிறது என்று பட்டியல் போட்டேன். எல்லாம் சரிதான். ஆனால் நாம் மரியாதைக்கு எவ்வளவு தூரம் போகிறோம் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. ஒருவர் மேல் இருக்கிற மரியாதையால் இன்னொருவருக்குப் பெயரே இல்லாமல் செய்துவிடுகிறோம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. வாத்தியார் சொன்னதை எழுதினார். நான் ரிஜிஸ்டரில் இருந்ததை எழுதினேன். எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறோம். அதுதான் இதில் ஆச்சரியம்.

முந்தாநாள் தபாலில் ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. திருச்சி முத்திரை. வகுப்பில் நான் கற்றுக்கொடுத்தபடி தேதி வலது மூலையில், ஓரத்தில் சரியான இடைவெளி. நல்லபடியாகச் சேர்ந்துவிட்டாளாம். அபிடவிட்டை வாங்கிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் ஃபைலில் வைத்துக்கொண்டார்களாம். காலையில் ஆஜர் எடுக்கும்போது மீனாள் என்று கூப்பிட்டால் உடனே எழுந்திருக்க வரவில்லை. முதல் இரண்டு நாள் பக்கத்துக் கட்டில் பெண் கிள்ளிவிட்டாளாம்.

பிறகு இப்படி எழுதியிருந்தாள்:

"மேட்ரன் வெள்ளைக்காரம்மா. தமிழ் கொஞ்சம் தெரியும். என் ஃபைலைப் படித்துவிட்டு, ரிஜிஸ்டரில் எது வேண்டுமானாலும் இருக்கட்டும், உன்னை நாங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று நீ விரும்புகிறாய் என்று கேட்டார்கள். என்னை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை சார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்."

இலக்கணப்படியும் சரி, மரியாதைப்படியும் சரி — இதைவிட நல்ல பதிலை என் இன்ஸ்டிட்யூட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தக் கேள்வியை நான் யாரிடமாவது கேட்டிருந்தால்தானே?